குரோம்பேட்டையின் பழைய ஆவணங்களை எந்தப் பெயரில் தேடுவது?

நியூ காலனிப் பையன்

வணக்கம். நான் பிறந்து வளர்ந்தது குரோம்பேட்டை நியூ காலனி. எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்காக ஊர் வரலாற்றைச் சிறு புத்தகமாகக் கொண்டுவர ஆசை. கோயில் மலர், பள்ளி ஆண்டு மலர் என்று கிடைத்ததையெல்லாம் புரட்டிவிட்டேன். எல்லாவற்றிலும் ஒரே இரண்டு வரிதான்: சேம்பர்ஸ் என்ற வெள்ளைக்காரர் 1910-களில் குரோம் லெதர் கம்பெனியைத் தொடங்கினார், அதனால் இந்தப் பெயர் வந்தது.

அதற்கு முன்னால் இங்கே யார் இருந்தார்கள்? என்ன பயிர் வைத்தார்கள்? ஏரித் தண்ணீர் எந்தப் பக்கம் பாய்ந்தது? கம்பெனிக்கு நிலம் யாரிடமிருந்து போனது? இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் 'குரோம்பேட்டை' என்று கேட்டால் ஏதாவது எடுத்துக் கொடுப்பார்களா? அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

சர்வே சங்கிலி

தம்பி, அந்தப் பெயரில் கேட்டால் ஒன்றும் வராது. உங்கள் வீட்டுப் பட்டாவை எடுத்துப் பாருங்கள். கிராமம் என்ற இடத்தில் என்ன போட்டிருக்கிறது?

நியூ காலனிப் பையன்

ஜமீன் பல்லாவரம் என்று இருக்கிறது ஐயா.

சர்வே சங்கிலி

அங்கேதான் தொடங்க வேண்டும். நான் நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வருவாய்த் துறைக்கு ஊர் என்றால் வருவாய்க் கிராமம்தான். ரயில் நிலையம், பஸ் நிறுத்தம், தபால் நிலையம் எல்லாம் குரோம்பேட்டை என்று சொல்லும். ஆனால் நிலத்தின் கணக்கு முழுக்க ஜமீன் பல்லாவரம், அஸ்தினாபுரம், நெமிலிச்சேரி என்ற பெயர்களில் கிடக்கிறது. பல்லாவரத்திலேயே ஜமீன் பல்லாவரம் வேறு, இசா பல்லாவரம் வேறு, கன்டோன்மென்ட் என்ற ராணுவப் பகுதி வேறு. ஒவ்வொன்றின் காகிதமும் ஒவ்வொரு வழியில் போயிருக்கிறது.

அடுத்தது மாவட்டம், தாலுகா. பழைய ஆவணத்தில் இது செங்கல்பட்டு ஜில்லா, சைதாப்பேட்டை தாலுகா. 1997-ல் ஜில்லா இரண்டானபோது காஞ்சிபுரத்தோடு போனது. 2019-ல் மறுபடி செங்கல்பட்டு மாவட்டம். நடுவில் தாம்பரம் தாலுகா, இப்போது பல்லாவரம் தாலுகா. ஒவ்வொரு முறை பிரிக்கும்போதும் பதிவேடுகள் மூட்டை கட்டி வண்டியில் ஏற்றப்படும். எதைத் தேடினாலும் அந்த வருஷத்தில் அந்தக் கிராமம் எந்தத் தாலுகாவில் இருந்தது என்று முதலில் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பாதி அலைச்சல் குறையும்.

பிறகு சர்வே எண்ணைப் பிடித்துப் பின்னால் போங்கள். இன்றைய கணினிச் சிட்டா, அதற்கு முன் 1979-ல் ஆரம்பித்த யு.டி.ஆர். (நில உடைமை மேம்பாட்டுத் திட்டம்) பதிவேடு, அதற்கு முன் செட்டில்மென்ட் காலத்து எஸ்.எல்.ஆர். (செட்டில்மென்ட் நிலப் பதிவேடு), கூடவே அ-பதிவேடு (கிராமத்து நிலங்களின் அடிப்படைப் பதிவேடு), புலப்படம் (ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் உள்ள அளவு வரைபடம்). ஆட்கள் மாறுவார்கள், தெருப் பெயர் மாறும், எண்ணைப் பிடித்துக்கொண்டால் வழி தப்பாது. உட்பிரிவு ஆகும்போது 112 என்பது 112/1, 112/2ஏ என்று கிளை விடும். மூல எண் அப்படியே நிற்கும்.

எழும்பூர் வாசகன்

ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். 'ஜமீன்' என்ற அடைமொழியைச் சும்மா விட்டுவிடாதீர்கள். ரயத்துவாரி கிராமம் என்றால் சர்க்கார் நேரடியாக அளந்து, ஒவ்வொரு விவசாயி பேரிலும் தீர்வை எழுதி வைத்திருக்கும். ஜமீன் கிராமத்தில் குடியானவன் கணக்கு ஜமீன்தாரின் கச்சேரியில் இருந்தது. சர்க்காருக்கு வந்தது பேஷ்குஷ் என்ற மொத்தக் கப்பம் மட்டும்தான். அதனால் 1948-ஆம் ஆண்டு 26-ஆம் சட்டப்படி எஸ்டேட் (ஜமீன்) ஒழிப்பு வருவதற்கு முந்தைய நிலையைத் தேடும்போது, பக்கத்து ரயத்துவாரி கிராமத்துக்குக் கிடைக்கிற அளவு விவரம் ஜமீன் கிராமத்துக்குக் கிடைக்காமல் போகலாம். அதைப் பார்த்துவிட்டு அங்கே மனிதர்களே இல்லை என்று எழுதிவிடக் கூடாது.

இடைவெளியை நிரப்ப இரண்டு வழி. 1908-ஆம் ஆண்டு எஸ்டேட் நிலச் சட்டத்தின் கீழ் ஜமீன்தாருக்கும் குடிகளுக்கும் நடந்த வழக்குகள் ஒன்று. வருவாய் வாரிய நடவடிக்கைகள் இன்னொன்று. வாரிய நடவடிக்கைகள் தேதி வாரியாகத் தைத்து வைத்த பெரிய தொகுதிகள். அவற்றுக்கு ஆண்டுதோறும் அட்டவணை உண்டு. அந்த அட்டவணையில் 'பல்லாவரம்', 'செங்கல்பட்டு', 'சைதாப்பேட்டை' மூன்றையும் பாருங்கள். ஆங்கில எழுத்துக்கூட்டல் ஒரே மாதிரி இருக்காது.

எழும்பூருக்குப் போகும் முன் அறிமுகக் கடிதம், ஆராய்ச்சித் தலைப்பு இரண்டையும் தயார் செய்துகொள்ளுங்கள். 'குரோம்பேட்டை வரலாறு' என்று பொதுவாக எழுதாமல், 'சைதாப்பேட்டை தாலுகா ஜமீன் பல்லாவரம் கிராமத்தின் நிலமும் தொழிலும், 1900–1950' என்று எழுதினால் உங்களுக்கும் வசதி, எடுத்துக் கொடுக்கும் ஊழியருக்கும் வசதி.

கல்லெழுத்து

ஏன் 1900-லிருந்து தொடங்க வேண்டும்? இந்தப் பக்கத்தில் நின்றால் காலடியில் இருப்பது இந்தியத் தொல்லியலின் முதல் பக்கம். 1863 மே 30 அன்று நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட் பல்லாவரம் அணிவகுப்பு மைதானத்துப் பக்கம் சரளைக் கல் தோண்டிய குழியில் ஒரு கற்கோடரியை எடுத்தார். இந்தியாவில் பழைய கற்காலக் கருவி என்று அடையாளம் காணப்பட்ட முதல் பொருள் அது. அதற்குப் பிறகுதான் அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் வில்லியம் கிங்கும் அத்திரம்பாக்கத்துக்குப் போய் இன்னும் ஏராளமாகக் கண்டார்கள். ஃபுட்டின் சேகரிப்பை 1904-ல் மெட்ராஸ் அருங்காட்சியகம் வாங்கியது. அதன் அச்சிட்ட பட்டியல்கள் இருக்கின்றன. கருவி எந்த ஊரில் கிடைத்தது என்பது வரை அதில் உண்டு.

அப்புறம் குன்றில் உள்ள குடைவரை. முதலாம் மகேந்திரவர்மன் காலத்தது, ஐந்து அறைகள், உத்தரத்தில் அவனுடைய விருதுப் பெயர்கள். இன்று அது தர்கா, வழிபாடு நடக்கிற இடம். போகிறவர்கள் அந்த மரியாதையோடு போக வேண்டும்.

சோழர் காலக் கல்வெட்டுகளுக்குத் திரிசூலம், திருநீர்மலை, மாடம்பாக்கம் மூன்றையும் விடாதீர்கள். இந்தப் பகுதி அப்போது புலியூர்க் கோட்டத்துச் சுரத்தூர் நாடு. திரிசூலத்து ஈசன் பெயர் கல்வெட்டில் திருச்சுரமுடையார். நிலத்துக்கு எல்லை சொல்லும் வரிகளில்தான் உங்களுக்கு வேண்டிய ஏரியும் வாய்க்காலும் வரும். பெரும்பாலும் எல்லோரும் மன்னன் பெயரை மட்டும் படித்துவிட்டு எல்லை வரிகளைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஊர் வரலாறு எழுதுகிறவருக்கு மன்னனைப் புகழும் மெய்க்கீர்த்தியைவிட 'கீழ்பாற்கெல்லை' (கிழக்கு எல்லை) என்று ஆரம்பிக்கிற இடம்தான் பொன்.

பழைய டிரங்க் ரோடு

எல்லோரும் பெருமையாகப் பேசுகிறீர்கள். எங்கள் நிலைமையையும் கேளுங்கள். ஜமீன் பல்லாவரத்தில் பெருங்கற்காலப் புதைகுழிகள் உள்ள இடம் பாதுகாக்கப்பட்ட பட்டியலில் இருக்கிறது. 1958-ஆம் ஆண்டுத் தொல்லியல் சின்னங்கள் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2010-ல் வந்த திருத்தப்படி, அந்த எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதிதாகக் கட்டவே கூடாது. அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். என் அப்பா சீட்டுப் பிடித்து வாங்கிய மனை. பத்திரம் போட்ட அன்று யாரும் இதைச் சொல்லவில்லை. நான் இன்றும் வாடகை வீட்டில்தான் இருக்கிறேன். வரலாறு எழுதுகிறவர்கள் இதையும் எழுதுவீர்களா?

கல்லெழுத்து

கண்டிப்பாக எழுத வேண்டும் நண்பரே. உங்கள் வருத்தம் நியாயமானது. ஆனால் அந்தச் சட்டம் இல்லாதிருந்தால் அங்கே இன்று ஒரு பிடி மண்கூட மிஞ்சியிருக்காது என்பதையும் சேர்த்துத்தான் சொல்வேன். 1880-களில் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ பல்லாவரத்தில் கால்கள் உள்ள சுடுமண் ஈமப்பேழை (இறந்தவரை வைத்துப் புதைக்கும் பெட்டி) ஒன்றை எடுத்தார். இறந்தவரை அவ்வளவு அக்கறையோடு அனுப்பி வைத்த மக்கள் 2,000 ஆண்டுகளுக்கு முன் இங்கே இருந்தார்கள். அவர்கள் எங்கே குடியிருந்தார்கள் என்பதற்கு விடை மண்ணுக்குள் இருக்கிறது.

பழைய டிரங்க் ரோடு

மண்ணுக்குள் இருக்கிறவருக்குக் காவல் இருக்கிறது. மேலே இருக்கிறவருக்கு?

சர்வே சங்கிலி

இரண்டு பேர் சொல்வதும் சரி. ஆனால் இதில் ஒரு காகித விஷயம் இருக்கிறது. பாதுகாக்கப்பட்ட எல்லை என்பது அரசிதழில் சர்வே எண்ணோடு அறிவிக்கப்பட்ட எல்லை. 100 மீட்டர் அந்த எல்லைக் கோட்டிலிருந்துதான் ஓடும். மலை முழுக்க, ஊர் முழுக்க என்று வாய்வழியாகச் சொல்வதை நம்பாதீர்கள். அறிவிக்கை நகலை வாங்கி, உங்கள் புலப்படத்தோடு வைத்து, உரிமம் பெற்ற சர்வேயரைக் கொண்டு தூரத்தை அளந்து வரைபடமாக வைத்துக்கொள்ளுங்கள். 100-க்கு உள்ளேயா வெளியேயா என்பது பல வீடுகளுக்குச் சில அடி வித்தியாசத்தில் நிற்கும்.

பழைய டிரங்க் ரோடு

அறிவிக்கையை நான் பார்த்ததே இல்லை ஐயா. தேடுகிறேன். நன்றி.

நாகல்கேணி அக்கா

இழையை ஆரம்பத்திலிருந்து படித்தேன். ராஜா வந்தார், வெள்ளைக்காரர் வந்தார், ஜமீன் வந்தது. வேலை செய்தவர்கள் எங்கே? என் அம்மாவின் அப்பா தோல் ஷாப்பில் வேலை பார்த்தவர். பம்மல், நாகல்கேணிப் பக்கம் எங்கள் குடும்பங்கள் வந்து சேர்ந்ததே அந்த வேலைக்குத்தான். சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கித் தோலைப் புரட்டியவர்களின் கால் விரல் இடுக்கு ஆறவே ஆறாது. ஆவாரம்பட்டை, கடுக்காய் போட்டுப் பதனிட்டது ஒரு காலம். குரோம் உப்புப் போட்டுப் பதனிடுவது வந்த பிறகு தோல் நீல நிறத்தில் வரும். அந்த வாடை எங்கள் துணியில், தலைமுடியில், பள்ளிக்கூடப் பையில் இருந்தது. பள்ளியில் அதற்காகவே தள்ளி உட்கார வைக்கப்பட்டவர்கள் நாங்கள்.

பட்டா, சிட்டா, எஸ்.எல்.ஆர். எதிலாவது எங்கள் தாத்தா பெயர் இருக்குமா? நிலம் இருந்தவர்களுக்குத்தான் அந்தக் காகிதம். குடியிருப்போர் சங்கத்தின் புத்தகம் மனை வாங்கினவர்களின் வரலாறாக மட்டும் இருந்துவிடக் கூடாது தம்பி.

நியூ காலனிப் பையன்

அக்கா, நான் இந்தக் கோணத்தில் யோசிக்கவே தொடங்கவில்லை. ஆனால் எங்கே தேடுவது என்று தெரியவில்லை. தொழிலாளர்களைப் பற்றி எழுத்தில் ஏதாவது மிஞ்சியிருக்குமா?

எழும்பூர் வாசகன்

மிஞ்சியிருக்கும். நிலத்தின் கணக்கில் இருக்காது, சண்டையின் கணக்கில் இருக்கும். 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி, தீர்ப்பாயம் தந்த ஒவ்வொரு தீர்ப்பையும் அரசு வெளியிட்டாக வேண்டியிருந்தது. அதனால் அவை அரசிதழில் அச்சாகியிருக்கும். அந்த நாளில் அதற்குச் செயின்ட் ஜார்ஜ் கோட்டை கெசட் என்று பெயர். 1947-க்குப் பிந்தைய கெசட்டுகளில் தொழிலாளர் துறைப் பகுதியைப் பக்கம் பக்கமாகப் புரட்டுங்கள். ஒரு தோல் தொழிற்சாலைத் தகராறு கிடைத்தாலும் போதும். எந்தப் பிரிவில் எத்தனை பேர், என்ன கூலி, பஞ்சப்படி எவ்வளவு, யாரை எதற்காக நீக்கினார்கள், சங்கம் என்ன சொன்னது, முதலாளி என்ன சொன்னார் என்று எல்லாம் வரும். சில தீர்ப்புகளில் நீக்கப்பட்டவர்களின் பெயரே வரிசையாக இருக்கும்.

நிலம் யாரிடமிருந்து போனது என்ற உங்கள் முதல் கேள்விக்கும் அதே கெசட் உதவும். கம்பெனி நேரடியாக வாங்கியிருந்தால் பதிவுத் துறைப் பத்திரங்களில் இருக்கும். 1894-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின் கீழ் கம்பெனிக்காகச் சர்க்கார் எடுத்துக் கொடுத்திருந்தால் நில அறிவிக்கை கெசட்டில் வந்தாக வேண்டும். இரண்டில் எது நடந்தது என்று முதலில் பாருங்கள். அதன் பிறகுதான் 'சேம்பர்ஸ் வந்தார், ஊர் வந்தது' என்ற வரியை அப்படியே அச்சிடுவதா என்று முடிவு செய்ய முடியும்.

'அசைலம் பிரஸ் அல்மனாக்' என்று ஆண்டுதோறும் வந்த மெட்ராஸ் டைரக்டரியையும் பாருங்கள். கம்பெனிகள், அவற்றின் மேலாளர்கள், முகவரி எல்லாம் அதில் இருக்கும். அடுத்தடுத்த ஆண்டுப் பிரதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு தொழிற்சாலை எந்த ஆண்டு முகவரி பெற்றது, எந்த ஆண்டு அந்த முகவரியில் 'பல்லாவரம்' போய் 'குரோம்பேட்டை' வந்தது என்று கண்டுபிடிக்க வழி உண்டு. தென்னிந்திய ரயில்வேயின் பழைய கால அட்டவணைகளிலும் இதே வேலையைச் செய்யலாம். கடற்கரை–தாம்பரம் மீட்டர் கேஜ் பாதையில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931-ல். அதற்கு முன்னும் பின்னுமாக உள்ள அட்டவணைகளில் நிலையங்களின் பட்டியலை ஒப்பிடுங்கள்.

நாகல்கேணி அக்கா

தீர்ப்பில் பெயர் இருக்கும் என்று சொன்னீர்களே, அதைப் படித்ததும் சற்று நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். எங்கள் தெருவில் வயதானவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். பழைய பி.எஃப். சீட்டு, இ.எஸ்.ஐ. அட்டை, சங்கச் சந்தா ரசீது எல்லாம் டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். அதுவும் ஆவணம்தானே?

எழும்பூர் வாசகன்

ஆவணம்தான் அக்கா. அதிலுள்ள எண்ணும் தேதியும் கெசட்டில் கிடைப்பதோடு பொருந்தினால், அவர்கள் வாய்வழியாகச் சொல்லும் சம்பவத்துக்கு ஆண்டு கிடைத்துவிடும். வாங்கிக்கொண்டு போகாமல் அவர்கள் வீட்டிலேயே பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள், பின்பக்கத்தையும் சேர்த்து. பொருள் அவர்களிடமே இருக்கட்டும்.

ஏரிக்கரை

தண்ணீர் பற்றிக் கேட்டாரே, அதற்கு நான் பதில் சொல்கிறேன். 2015 வெள்ளத்துக்குப் பிறகு நாங்கள் சிலர் இந்தப் பக்கத்து ஏரிகளின் பழைய எல்லையைத் தேடி அலைந்தோம். கிடைத்ததைச் சொல்கிறேன், உங்கள் புத்தகத்துக்கு இதுதான் முதுகெலும்பாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

1883-லிருந்து மெட்ராஸ் மாகாணத்தில் ஏரிச் சீரமைப்புத் திட்டம் என்று ஒன்று நடந்தது. பொதுப்பணித் துறை ஏரி ஏரியாகப் போய்க் கரை நீளம், கொள்ளளவு, மதகுகள், கலங்கல் (உபரி நீர் வழியும் இடம்) உயரம், ஆயக்கட்டு (பாசன நிலம்), எந்த ஏரியின் உபரி நீர் எந்த ஏரிக்குப் போகிறது என்று குறிப்பேடு எழுதியது. நீர்வளத் துறையின் பழைய கோப்புகளில் இதைக் கேளுங்கள். ஒரு ஏரியை மட்டும் கேட்காதீர்கள், மேலே இருப்பதையும் கீழே இருப்பதையும் சேர்த்துக் கேளுங்கள். இங்கே ஏரிகள் தனித்தனியாக இல்லை. ஒன்று நிரம்பிக் கலங்கல் வழியாக அடுத்ததற்குப் போகிற சங்கிலி அது. நெமிலிச்சேரி, அஸ்தினாபுரம், செம்பாக்கம், சிட்லபாக்கம் எல்லாவற்றையும் ஒரே தாளில் போட்டால்தான் உங்கள் தெருவில் ஏன் இடுப்பளவு தண்ணீர் நின்றது என்று புரியும்.

அடுத்தது படம். தமிழ்நாடு நில அளவைத் துறை இணையதளத்தில் பழைய கிராம வரைபடங்கள் இருக்கின்றன. அதில் வரத்து வாய்க்கால் கோடாகத் தெரியும். அமெரிக்காவின் கொரோனா உளவுச் செயற்கைக்கோள் 1960-களில் எடுத்த படங்களை 1995-ல் பொதுவில் விட்டார்கள், அமெரிக்கப் புவியியல் ஆய்வகத்தின் தளத்தில் தேடலாம். வீடுகள் நெருங்கி வராத காலத்து ஏரிக்கரை அதில் தெரியும். கிராம வரைபடத்தையும் கொரோனா படத்தையும் இன்றைய செயற்கைக்கோள் படத்தையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்தோம். பல்லாவரம் பெரிய ஏரியை எடுத்துக்கொள்ளுங்கள். துரைப்பாக்கம் போகிற 200 அடி சாலை அதன் நடுவில் கிழித்துக்கொண்டு போகிறது. பழைய படத்தில் அது ஒரே நீர்ப்பரப்பு.

பதினெட்டாம் நூற்றாண்டு வரையும் போகலாம். 1763-ல் ஆர்க்காட்டு நவாப் செங்கல்பட்டுப் பகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகிராக (வருவாய் உரிமையோடு) கொடுத்த பிறகு, தாமஸ் பர்னார்டு என்பவர் 1767 முதல் 1774 வரை சுமார் 2,000 கிராமங்களை அளந்து கணக்கெடுத்தார். ஊருக்கு ஊர் எத்தனை வீடு, யார் யார் என்ன தொழில், எவ்வளவு நஞ்சை, புஞ்சை, ஏரி, தோப்பு, எந்த வேலைக்காரருக்கு எவ்வளவு மானியம் என்று அதில் இருக்கிறது. ஆங்கிலத் தொகுப்பு எழும்பூரில். அதற்கு மூலமான தமிழ் ஓலைச் சுருணைகள் (கணக்கு ஓலைக் கட்டுகள்) தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில். நம் கிராமங்கள் எல்லாவற்றுக்கும் ஓலை மிஞ்சியிருக்க வேண்டியதில்லை, ஆனால் தேடாமல் விடக் கூடாது.

நாகல்கேணி அக்கா

தண்ணீர் என்றால் தோல் ஷாப்புக் கழிவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கிணற்று நீர் நிறம் மாறிய கதை எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் உண்டு. 1996-ல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுத் தோல் தொழிற்சாலைகள் பற்றித் தீர்ப்புச் சொன்னது. வழக்குப் போட்டது வேலூர் அமைப்பு, ஆனால் தீர்ப்பு எங்களுக்கும் பொருந்தியது. அதற்குப் பிறகு இழப்பீட்டுக்காகச் சூழல் இழப்பு ஆணையம் அமைத்தார்கள். வேலை தந்ததும் அதே ஷாப், கிணற்றைக் கெடுத்ததும் அதே ஷாப். எங்கள் வீட்டில் இரண்டையும் ஒரே மூச்சில்தான் சொல்வார்கள். புத்தகத்தில் ஒன்றை எழுதி ஒன்றை விட்டால் பொய்யாகிவிடும்.

சேலையூர்க் காடு

தாம்பரம் பக்கத்திலிருந்து ஒரு குறிப்பு. புறநகரின் நவீன வரலாற்றுக்கு அரசாங்கக் காகிதத்தைவிட நிறுவனங்களின் காகிதம் ஒழுங்காக இருக்கும். மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரி 1937-ல் ஜார்ஜ் டவுனிலிருந்து சேலையூர்க் காட்டு நிலத்துக்கு வந்தது. கல்லூரி இதழ்களில் அந்தக் காலத்துத் தாம்பரம் எப்படி இருந்தது என்று மாணவர்கள் எழுதிய பக்கங்களைத் தேடுங்கள். வேதியியல் பேராசிரியர் எட்வர்டு பார்ன்ஸும் அவர் மனைவி ஆலிஸும் அந்த வளாகத்து மரம் செடிகளைப் பதிவு செய்தார்கள். தாம்பரம் சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனை 1928-ல் டாக்டர் சவுரி முத்து தொடங்கியது, 1937-ல் அரசு எடுத்துக்கொண்டது. குரோம்பேட்டைக்கு எம்.ஐ.டி. (மெட்ராஸ் தொழில்நுட்பக் கல்லூரி) இருக்கிறது, 1949-ல் சி. ராஜம் தொடங்கியது. காசநோய்க்காரர்களையும் மாணவர்களையும் தோல் தொழிலையும் பட்டணத்துக்கு வெளியே கொண்டுவந்து வைத்தார்கள் என்று இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் தெரியும். காற்றும் நிலமும் இங்கே மலிவாகக் கிடைத்தன.

கல்லெழுத்து

வெளியே வைத்தார்கள் என்றால் 1774-ஐயும் சேர்க்க வேண்டும். பரங்கிமலை–பல்லாவரம் கன்டோன்மென்ட் அந்த ஆண்டு ஏற்பட்டது. அதன் நிலங்களுக்குத் தனியாகப் பொது நிலப் பதிவேடு உண்டு, வருவாய்த் துறை அடங்கலில் தேடினால் வராது. பல்லாவரத்தில் இன்றும் 'வெட்டரன் லைன்ஸ்' என்று தெரு இருக்கிறதே, ஓய்வு பெற்ற சிப்பாய்கள் குடியிருந்த வரிசை. ஐரோப்பியக் குடும்பங்களின் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் பற்றிய மெட்ராஸ் பதிவுகளின் நகல் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில், இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் என்/2 வரிசையில் இருக்கிறது.

நியூ காலனிப் பையன்

எல்லோருக்கும் நன்றி. நான் இப்போது நினைத்திருப்பது இது. சேம்பர்ஸிலிருந்து தொடங்கப் போவதில்லை. ஏரிக்கரை அண்ணா சொன்ன ஏரிச் சங்கிலியை முதல் அத்தியாயமாக வைக்கிறேன், எல்லாக் காலமும் அந்தத் தண்ணீரை ஒட்டித்தான் வருகிறது. அடுத்தது நாகல்கேணி அக்கா வீட்டுப் பெரியவர்கள், வயதானவர்களை நாளைக்கு என்று தள்ளிப் போட முடியாது. காப்பகம் எங்கேயும் போய்விடாது. அக்கா, நான் வந்து உங்களோடு சேர்ந்து பதிவு செய்யலாமா? ஜமீன் பல்லாவரம் மனைப் பிரச்சினைக்கும் ஓர் அத்தியாயம் உண்டு.

ஏரிக்கரை

கிராம வரைபடங்களையும் கொரோனா படத்தையும் ஒட்டி வைத்த கோப்பை உங்களுக்கு அனுப்புகிறேன். நெமிலிச்சேரி, அஸ்தினாபுரம் முடிந்திருக்கிறது. ஜமீன் பல்லாவரம் தாள் மட்டும் ஓரம் கிழிந்த பிரதி, அதற்கு நல்ல நகல் வேண்டும்.

சர்வே சங்கிலி

அதை நான் பார்த்துக்கொள்கிறேன். கிராம வரைபட நகலுக்குக் கட்டணம் கட்டி விண்ணப்பித்தால் கொடுப்பார்கள். விண்ணப்பத்தில் தாலுகா பெயரை மட்டும் இன்றையதாகப் போடுங்கள், அடைப்புக்குள் பழைய தாலுகா சைதாப்பேட்டை என்று குறிப்பிடுங்கள்.

நாகல்கேணி அக்கா

ஞாயிற்றுக்கிழமை காலையில் வா தம்பி. மதியத்துக்கு மேல் பெரியவர்கள் படுத்துவிடுவார்கள். ஒலிப்பதிவுக் கருவியை வந்ததும் வெளியே எடுக்காதே. முதலில் டீ குடித்துவிட்டுப் பேசிக்கொண்டிரு. நான் சொன்ன பிறகு, அவர்களிடம் கேட்டுவிட்டு ஆன் பண்ணு. பெயர் போட வேண்டாம் என்று யாராவது சொன்னால் போடக் கூடாது, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

நியூ காலனிப் பையன்

சரி அக்கா. ஞாயிறு காலை வருகிறேன். பெயர் விஷயத்தில் நீங்கள் சொல்வதுதான்.